இடதுபக்கம் சாய்ந்த கீறல்கள்

1

மலர்க்குழுவின் கடிதம் போன வெள்ளிக்கிழமை கையில் கிடைத்தது. உறையின் மேல் 'உயர்திரு எம். சுப்பிரமணியன் அவர்கள், பஹ்ரைன்' என்று இருந்தது. மட்டாஞ்சேரியில் இருந்தவரை எனக்கு உயர்திருவும் கிடையாது, அவர்களும் கிடையாது. 'எடா மணி' என்றுதான் கூப்பிடுவார்கள். வளைகுடாவுக்குப் போனவனுக்கு ஊரில் மரியாதை தானாக முளைத்துவிடுகிறது.

நம் மட்டாஞ்சேரித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். தலைப்பையும் கொடுத்துவிட்டார்கள்: 'வளரும் நாட்டில் தொழிற்பயிற்சி நிலையங்களின் பங்கு'. நான்கு பக்கத்துக்கு மிகக் கூடாது. மட்டாஞ்சேரித் தொழிற்பயிற்சி நிலையத்தின் 'பெருமைக்குரிய பழைய மாணவர்' என்ற முறையில் என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். கீழே கையெழுத்து: சிவராமன், மலர்க்குழுத் தலைவர்.

என் மனைவி ராதா சமையலறையில் புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"இது அந்தச் சிவராமன் மாஷா?" என்றாள். கொச்சியில் வாத்தியாரை மாஷ் என்போம்.

"அவரேதான்."

"நாணமில்லையா அந்த ஆளுக்கு? நீங்க ஒண்ணும் எழுதண்டா. விட்டுக் களையுங்க."

எழுதுவேன் என்று சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளும் தலைப்பும் அவரே அனுப்பி வைத்திருக்கும்போது ஏன் விட வேண்டும்? மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. ஜெராக்ஸ் எடுத்து மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தபாலில் அனுப்பப் போகிறேன். இங்கே கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்கள் இரண்டு பேரும் பிரதி கேட்டிருக்கிறார்கள். நான்கு பக்கத்துக்கு மிகத்தான் மிகும். மாஷ் பொறுத்துக்கொள்ளட்டும்.

2

எழுபத்து மூன்றில் நான் அந்த நிலையத்தில் பிட்டர் பிரிவில் சேர்ந்தேன். அப்பா பஜாரில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தான் தூக்கியது போதும், மகன் இயந்திரத்தோடு வேலை பார்க்கட்டும் என்று நினைத்தார். வளரும் நாடு என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் வளர்ந்தால் போதும் என்று இருந்தார்.

பிட்டருக்கு முதல் பாடம் அரம் பிடிப்பது. ஓர் இரும்புக் கட்டையை வைஸ் இடுக்கியில் இறுக்கி வைத்து, அரத்தால் ராவி ராவி அதை நேராக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு வேறு வேலையே கிடையாது. மூலைமட்டத்தைக் கட்டையின் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கள் வாத்தியார் சிவராமன் மாஷ் கட்டையைப் பிடுங்கித் தரையில் எறிவார்.

நான் இடது கைக்காரன். முதல் மூன்று வாரம் மாஷ் மர ஸ்கேலால் என் இடது மணிக்கட்டில் அடித்து அரத்தை வலது கைக்கு மாற்றப் பார்த்தார். மாறவில்லை. "எப்படியாவது பிடிச்சுத் தொலை" என்று விட்டுவிட்டார். எட்டு மாதத்தில் என் கட்டையில் வெளிச்சம் தெரியாமல் போயிற்று. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெருமை அதிகமில்லை.

ஒரு விஷயத்தை இங்கே விளக்கிவிட வேண்டும். வலது கைக்காரன் ராவினால் இரும்பின் மேல் விழும் கீறல்கள் ஒரு பக்கமாகச் சாயும். இடது கைக்காரன் ராவினால் அதற்கு எதிராக இடதுபக்கம் சாயும். வெளிப்பக்கங்களைக் கடைசியில் நெடுக்குவாட்டில் இழுத்து வழவழவென்று ஆக்கிவிடலாம், அப்போது சாய்வு போய்விடும். பள்ளத்தின் உள்மூலையில் அரத்தைத் திருப்ப இடமிருக்காது. அங்கே கீறல் விழுந்தபடியே நிற்கும்.

எழுபத்தைந்தில் இறுதிப் பரீட்சை. இரண்டு இரும்புத் துண்டுகளில் ஒன்றில் பள்ளம் வெட்டி, மற்றொன்றில் அதற்கேற்ற நாக்கு விட்டு, ஒன்றுக்குள் ஒன்று ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க வேண்டும். முடித்ததும் மாணவனின் நம்பரை இரும்பில் அடித்து மாஷ் தன் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். மறுநாள் வெளியிலிருந்து பரீட்சகர் வந்து பார்ப்பார். அவருக்கு நம்பர்தான் தெரியும், ஆள் தெரியாது. என் நம்பர் பதினேழு. எனக்கு அடுத்த மேஜையில் நின்ற முரளிக்கு இருபத்திரண்டு. முரளி மாஷுடைய அக்கா மகன். நல்ல பையன், அரம் மட்டும் வராது. ஊஞ்சல் ஆட்டுவதுபோல் அரத்தை ஆட்டுவான். அதனால் அவன் கட்டையின் நடு எப்போதும் மீன் வயிறு மாதிரி புடைத்திருக்கும்.

முடிவு வந்தது. முரளி செய்முறையில் முதலிடம். நான் தோல்வி.

இரண்டு நாள் கழித்து எல்லோருடைய துண்டுகளையும் ஒரு தட்டில் போட்டு மாஷின் மேஜைமேல் வைத்திருந்தார்கள். பதினேழைத் தேடி எடுத்தேன். மீன் வயிறு. இருபத்திரண்டை எடுத்தேன். நம்பர் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் குழிந்து பளபளத்தது. பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு அதன் மேல் புதிது அடித்தால்தான் அப்படி இருக்கும். பள்ளத்தின் உள்மூலையைப் பார்த்தேன். கீறல்கள் இடதுபக்கம் சாய்ந்திருந்தன. அந்த வகுப்பில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான்.

மூன்று வாரம் என் இடது கையை அடித்த மனிதர் அதை மறந்துபோனார். நம்பரை மாற்றத் தெரிந்தது, கையை மாற்றத் தெரியவில்லை.

"மாஷே, இது என்னோட பீஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பர் என்னா போட்டிருக்கு?"

"இருபத்திரண்டு."

"உன் நம்பர்?"

"பதினேழு. உள்மூலையப் பாருங்க மாஷே, கோடு சாஞ்சிருக்கு..."

"எடா மணி." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷம் எழுதிக்கோ. உனக்கு வயசிருக்கு. முரளிக்கு ரெண்டு அனியத்திமார். அவன் ஒரு கரை ஏறலேன்னா அந்தக் குடும்பம் பின்ன என்ன செய்யும்?"

இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கும் இரண்டு தங்கைகள் உண்டு. அதை அவர் கேட்டதும் இல்லை.

3

நான் கத்தினேன். 'திருட்டு' என்ற வார்த்தையைச் சொன்னேன். பட்டறை முழுக்கக் கேட்டது. மறுநாள் அப்பாவுக்கு ஆள் வந்தது.

அப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். உடம்பெல்லாம் மிளகுத் தூசி. மாஷ் ஒரு பையனுக்குத் துளை போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். துளை போட்டு முடியும்வரை அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு துளை போட அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

பிறகு மாஷ் சொன்னார், அப்பா கேட்டுக்கொண்டார். கடைசியில் அப்பா கைகூப்பினார்.

"பையன் தெரியாமப் பேசிட்டான் மாஷே. பொறுத்துக்கணும்." என் பக்கம் திரும்பி, "சொல்லுடா" என்றார். நானும் சொன்னேன். "மன்னிச்சிருங்க மாஷே." எல்லோர் முன்னாலும் சொன்னேன். முரளி தன் மேஜையில் குனிந்து நின்று எதையோ துடைத்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி வரும்போது படகுத்துறைப் பக்கம் ஒரு கடையில் அப்பா எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்தபிறகு கேட்டார்.

"அது நெஜமா உன் பீஸா?"

"ஆமாப்பா."

அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "பின்ன நான் எதுக்குடா அங்க கும்பிட்டேன்?" என்றார்.

இந்தக் கேள்வியை மாஷுக்கு அனுப்பி வைக்கிறேன். பதில் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அப்பா எண்பதில் காலமானார். எனக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை.

மறுவருஷம் பரீட்சை எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். அதே பட்டறையில், அதே மனிதரின் அலமாரியில் இன்னொரு தடவை என் வேலையைப் பூட்டக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது திமிர் என்றால் திமிர்தான். இடக்கொச்சியில் ஒரு பட்டறையில் ஒரு வருஷம் எடுபிடியாக இருந்துவிட்டு, ஏஜெண்ட் ஒருவர் மூலம் எழுபத்தாறில் பஹ்ரைனுக்கு விமானம் ஏறினேன்.

4

இங்கே கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை. வந்த அன்று கவுண்டரில் இருந்தவன் கேட்டான்: "சர்ட்டிபிகேட்?" இல்லை என்றேன். வேலை தெரியும் என்றேன். அவன் என் கையைப் பார்க்கவில்லை. அட்டையில் 'ஹெல்பர்' என்று தட்டச்சு செய்து, ஒரு பச்சை ஹெல்மெட்டைத் தள்ளினான். பிட்டருக்கு நீலம். ஹெல்பருக்குப் பச்சை. ஆறு வருஷம் பச்சை போட்டேன்.

ஒரு தாள் மனிதனை என்ன செய்யும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஹெல்பருக்கு வேறு கேம்ப், வேறு பஸ். வேலை என்னவோ பிட்டர் வேலைதான் செய்வேன், நீல ஹெல்மெட்காரன் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பான். தாளில் திருத்தம் கேட்டு லேபர் ஆபீசுக்கு நான்கு தடவை போனேன். முதல் தடவை ஊர்ச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை கம்பெனிக் கடிதம் வேண்டும் என்றார்கள். கம்பெனியோ லேபர் ஆபீஸ் கடிதம் வேண்டும் என்றது. நான்காம் தடவை போனபோது கவுண்டர் ஆள் மாறியிருந்தான், முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மொழியும் ஒரு கூத்து. ஊரில் மலையாளிகள், நான் தமிழன் என்பதால், என்னைப் 'பாண்டி' என்றார்கள். இங்கே கேம்ப்பில் திருநெல்வேலிக்காரர்கள் நான் வாயைத் திறந்ததும் "நீங்க மலையாளியா?" என்றார்கள். 'கப்பை' என்றேன், 'மரவள்ளின்னு சொல்லுங்க' என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் வேண்டாதவன்.

எழுபத்தெட்டில் லீவில் வந்து ராதாவைக் கட்டிக்கொண்டேன். மறுவருஷம் சுதா பிறந்தாள். ஹெல்பர் விசாவுக்குக் குடும்பத்தைக் கூட்டி வர அனுமதி கிடையாது. பெரிய அநியாயம் என்று யாரும் சொல்வதில்லை, அது வெறும் விதி. ராதா கேசட்டில் குழந்தையின் குரலைப் பதிவு செய்து, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். அந்தக் கேசட்டுகளில் என் மகள் அழுதாள், பிறகு மழலை பேசினாள், பிறகு பாட்டுப் பாடினாள். பச்சை போய் நீலம் வந்தபின், எண்பத்து மூன்றில் பஹ்ரைன் விமான நிலையத்தில் முதல்முதலாக நான் அவளைத் தூக்கப் போனபோது அவளுக்கு நான்கு வயசு. ராதாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த அங்கிள் யாரு?" என்று கேட்டாள்.

இப்போது எட்டு வயசு. இங்குள்ள இந்தியப் பள்ளியில் படிக்கிறாள், இரண்டாம் மொழி ஹிந்தி. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "டாடி, இதெல்லாம் ஏன் இவ்வளவு வட்டம் வட்டமா இருக்கு?" என்றாள். அப்பா என்று அவளுக்கு வரவில்லை. கூப்பிடப் பழகும் வயசில் நான் பக்கத்தில் இல்லை. சிவராமன் மாஷே, உங்கள் கணக்கில் நான் தோற்றது ஒரு பரீட்சை. என் வீட்டில் தோற்றது இது.

5

எண்பத்தொன்றில் ஊரிலிருந்து புதிய ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் நீல ஹெல்மெட்டோடு என்னை நோக்கி ஓடி வந்து கட்டிப்பிடித்தான்.

"எடா மணீ! நீ இங்கயா? தெய்வமே, எனக்கு ஒரு ஆள் கிடைச்சது!"

முரளி. அந்தச் சான்றிதழை வைத்து எர்ணாகுளத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கிருந்து இங்கே பிட்டராக வந்திருந்தான். மறுநாள் அவனுக்கு ஹெல்பராக என்னைப் போட்டார்கள். சர்வீசில் மூத்தவன், புது ஆளுக்கு வழி காட்டட்டும் என்று நினைத்தார்களாம்.

எட்டு மாதம் அவனுக்கு ஹெல்பராக இருந்தேன். அவன் வேலை அத்தனையும் நான் செய்தேன். அரம் இன்னும் ஊஞ்சல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. "நீ இல்லேன்னா நான் செத்தேன்டா" என்று தினமும் சொல்வான். தன் வீட்டுக் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவான். அந்தப் பரீட்சையில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வரும். பதில் வந்தால் என் கோபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அது எனக்கு வேண்டாம். நாள் வரட்டும் என்று இருந்தேன்.

நாள் வந்தது. புதிதாக வந்த வெள்ளைக்காரச் சூப்பிரண்டு எல்லா பிட்டர்களும் இரண்டு நாளில் ஒரு பொருத்துத் துண்டு செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். முரளியின் முகம் வெளுத்துவிட்டது.

"எடா, நீ ஒண்ணு பண்ணிக் கொடு. இந்த ஒரு பிராவசியம், ஒரே ஒரு தடவை மட்டும்."

"கொடுக்கிறேன்" என்றேன்.

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். அதைப்போல் ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. சாதாரணமாக உள்மூலையில் விழும் கீறலை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குவேன். அன்று தேய்க்கவில்லை. வேண்டுமென்றே அரத்தை அழுத்தி, ஆழமாக, இடதுபக்கம் சாய்த்துச் சாய்த்து இழுத்தேன். குருடனுக்கும் விரலில் படும்படி இழுத்தேன். துணியில் சுற்றி முரளியிடம் கொடுத்தேன். அவன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சூப்பிரண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், தலையை ஆட்டினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து உள்மூலையைப் பார்த்தார். முரளியிடம் ஓர் அரத்தைக் கொடுத்து, "நாலு இழுப்பு இழு" என்றார். முரளி வலது கையால் இழுத்தான். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை யார் செய்தது?"

"நான்தான் சார்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் முரளி 'நான்தான்' என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், அவனை இன்னும் நன்றாக வெறுத்திருப்பேன். சூப்பிரண்டு மேஜை மேஜையாக நடந்து எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். என்னையும் சேர்த்து விமானம் ஏற்றியிருக்கலாம். அது தெரிந்துதான் செய்தேன். அவர் என் பச்சை ஹெல்மெட்டைப் பார்த்தார், என் இடது கையைப் பார்த்தார். "எத்தனை வருஷமாக?" என்றார். சொன்னேன். அவர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அந்த வாரமே முரளியைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம், எண்பத்திரண்டு பிறந்ததும், எனக்கு நீல ஹெல்மெட் கிடைத்தது. கிளம்பும்போது முரளி தன் வீட்டிலிருந்து வந்த கண்ணிமாங்காய் ஊறுகாய் பாட்டிலை என்னிடம் கொடுத்தான். "நீ என்ன செய்வே மணி, எனக்கு யோகமில்ல" என்றான். அந்த ஊறுகாயை ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டேன். ரொம்ப ருசியாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

6

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வளரும் நாடு வெளியே அனுப்பும் சரக்கில் மிளகு உண்டு, ஏலம் உண்டு, நாங்களும் உண்டு. அப்பா வேலை பார்த்த பண்டகசாலையில் மிளகைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதப்பது பதர். பதரை மூட்டையில் கலந்து நல்ல முத்திரை குத்தினால் வாங்குகிறவன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான். பஜாரில் எந்த முதலாளியும் அதைச் செய்யத் துணிய மாட்டான். தொழிற்பயிற்சி நிலையத்தில் செய்யலாம். அங்கே திரும்பி வருவது மனிதன்தானே, அவனுக்கு வேறு ஒரு வேலை கொடுத்துவிடலாம்.

கொடுத்தார்கள். அது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

இரண்டு வருஷமாக நான் சார்ஜ்மேன். புதிதாக வருகிற பிட்டர்களைச் சோதித்து, அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் நம் நிலையத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரிடமும் சான்றிதழ் இருந்தது, மேலே சிங்க முத்திரையும் கீழே சிவராமன் மாஷின் கையெழுத்தும். மூன்று நாள் கொடுத்துப் பொருத்துத் துண்டு செய்யச் சொன்னேன்.

முதல் துண்டை மூலைமட்டத்தில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். வெளிச்சம் பளிச்சென்று வந்தது. நடுவில் மீன் வயிறு. இரண்டாவதும் அதே. ஆறு துண்டிலும் அதே வயிறு, அதே இடத்தில். ஓர் ஆள் தப்பாகச் செய்தால் அது அவனுடைய கை. ஆறு பேரும் ஒரே மாதிரி தப்பு செய்தால் அது வாத்தியாருடைய கை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"உங்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

மட்டாஞ்சேரிப் பையன் ஒருவன், செல்வன் என்று பெயர், போன ஆவணியில் கல்யாணமானவன், முன்னால் வந்து சொன்னான். "முரளி மாஷ். எங்க பேட்சுக்கு மட்டுமில்ல, நாலு கொல்லமா அவருதான் பிட்டர் இன்ஸ்ட்ரக்டர்."

நான்கு வருஷமாக முரளி! எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். மாஷ் திரும்பி வந்த அக்கா மகனைத் தன் பட்டறையிலேயே வாத்தியாராக்கியிருக்கிறார். இதைவிட நன்றாக நான் பழிவாங்கியிருக்க முடியாது. நிலையத்தின் பெயர் இனி இந்த யார்டில் செல்லாது, அதை எழுதப் போகிறவனும் நான்தான் என்று நினைத்தபோது உடம்பே சிலிர்த்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

பிறகு அந்த ஆறு பேரையும் பார்த்தேன். இவர்கள் யாரும் என் அப்பாவை நிற்க வைக்கவில்லை. முரளியை ஊருக்கு அனுப்பியது நான். அவன் ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால் இவர்களுக்கு வேறு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிட்டர் என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாவம், பிழைத்துப் போகட்டும் என்றுதான் தோன்றியது. மாஷுக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆறு படிவத்திலும் 'ஹெல்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரணத்தைச் சொன்னேன். அவர்கள் வாதாடவில்லை. ஐந்து பேர் வெளியே போனார்கள். செல்வன் மட்டும் நின்றான்.

"மணியண்ணா, ஒண்ணு சொல்லட்டே? நாங்க புறப்படறதுக்கு முந்தி முரளி மாஷ் எங்க ஆறு பேரையும் கூப்பிட்டாரு. 'எனக்கு அரம் நேரா வராது, அது எனக்கே தெரியும். நான் சொல்லிக் கொடுத்தது பாதிதான். அங்க மணின்னு என் கூட்டுகாரன் இருக்கான், அவன் கைதான் கை. போனதும் அவனைப் பாருங்க, அவன் உங்கள விட மாட்டான்'னாரு."

பச்சை ஹெல்மெட்டுகள் என் மேஜைக்கு அருகில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"முரளி மாஷுக்கு லெட்டர் எழுதணும். உங்களப் பாத்தோம்னு எழுதட்டே?"

"எழுது."

"என்ன சொன்னாருன்னு கேப்பாரே."

"அன்னிக்குச் சூப்பிரண்டு பிடிச்ச பீஸ் இருக்கே, அதுல அந்தக் கோட்டை மணி வேணும்னேதான் போட்டான்னு எழுது."

செல்வனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படியே எழுதினா மாஷுக்குப் புரியுமா அண்ணா?" என்று கேட்டான்.

"புரியும்" என்றேன்.